பல்லாங்குழியில் பெய்த ஒளி

மணி ஒன்றரை இருக்கும். செய்யாறு பக்கத்தில் ஒரு கிராமம், திரௌபதி அம்மன் கோயிலில் பாரத விழா, தெருக்கூத்து. இரண்டு பேர் பிடித்திருந்த திரைக்குப் பின்னால் சலங்கைச் சத்தம் கேட்டது. திரை விலகியதும் துரியோதனன் களத்தில் இறங்கினான். மூங்கிலில் கட்டிய ஒரு மஞ்சள் குண்டு பல்பும், பந்தல்காரர் மாட்டிவிட்டுப் போன இரண்டு எல்இடி விளக்கும்தான் வெளிச்சம். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இளைஞர் கைபேசியில் ஃபிளாஷ் அடித்தார். கிரீடத்திலும் புஜக்கட்டையிலும் ஒட்டியிருந்த கண்ணாடிச் சில்லு அத்தனையும் பளீரென்று திருப்பி அடித்தன. தாளம் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் கையை நிறுத்தாமலே சொன்னார்: "தம்பி, மின்னல் அடிக்காதப்பா. ஆடுறவனுக்குக் கண்ணு கூசும்."

நான் ஃபிளாஷை முன்பே அணைத்துவைத்திருந்தேன். கேமராவின் முதுகிலிருக்கும் சின்னத் திரையில் படங்கள் நன்றாகவே தெரிந்தன. வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கியபோதுதான் வயிறு கலங்கியது. துரியோதனனுக்குப் பின்னால் கறுப்பாக இருக்கவேண்டிய இருட்டு முழுக்கச் சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் பொடி தூவிக் கிடந்தது. கன்னத்துச் சிவப்பு அரிதாரத்தில் ஈர மணல் ஒட்டினாற்போல் ஒரு சொரசொரப்பு.

புகைப்படக்காரர்கள் இதை நாய்ஸ் என்பார்கள். தமிழில் இரைச்சல் என்று எழுதுகிறோம். கண்ணில் படும் ஒன்றுக்குக் காதின் சொல்; ரேடியோக்காரர்களிடமிருந்து கடன் வாங்கியது. கேமரா மட்டம் என்று அன்றைக்கு முடிவு கட்டிவிட்டேன். அது அநியாயமான தீர்ப்பு என்று புரிய எனக்கு ஒரு பல்லாங்குழிப் பலகை தேவைப்பட்டது.

வீட்டில் பல்லாங்குழி இருந்தால் நீங்களும் செய்து பார்க்கலாம். பதினான்கு குழி. ஐம்பத்தாறு கடுகை எண்ணி எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு பலகை முழுக்கப் பரவலாகத் தூவுங்கள். வெளியே சிதறியதைப் பொறுக்கி மறுபடி தூவுங்கள். எல்லாம் குழிக்குள் விழுந்தபிறகு எண்ணுங்கள். பங்கிட்டால் குழிக்கு நான்கு வரவேண்டும். எனக்கு வந்தது இது: 3, 6, 4, 1, 5, 4, 7, 2, 4, 5, 3, 6, 2, 4. ஒரு குழியில் ஏழு, ஒரு குழியில் ஒன்றே ஒன்று. எந்தக் குழிக்கும் நான் ஓரவஞ்சனை செய்யவில்லை. தனித்தனியாக விழுகிற பொருள் எதுவானாலும் இப்படித்தான் விழும்.

ஒளியும் தனித்தனியாகத்தான் விழுகிறது. ஃபோட்டான் என்ற துகள் துகளாக வந்து சேர்கிறது. கேமராவுக்குள் இருக்கும் சென்சார் கோடிக்கணக்கான குழிகள் கொண்ட ஒரு பல்லாங்குழி. ஒவ்வொரு பிக்சலும் தன் குழியில் விழுந்த ஃபோட்டான்களை எலக்ட்ரான்களாக மாற்றிச் சேர்த்துவைக்கிறது. பொறியாளர்களே அந்தச் சேமிப்பிடத்தைக் கிணறு என்றுதான் அழைக்கிறார்கள். நடுப்பகலில் ஒரு கிணற்றில் பல்லாயிரம் எலக்ட்ரான் சேரும். கூத்துக் களத்தின் இருட்டு மூலையைப் பார்க்கும் கிணற்றில் சேர்வது சில பத்துதான், பல சமயம் அதுகூட இல்லை.

இந்த ஏற்ற இறக்கத்துக்கு ஒரு கணக்கு உண்டு. பிரான்சின் சிமியோன் தெனி புவாசோன் 1837-இல் எழுதியது. அதன் சாரம் எளிது: சராசரியாக எத்தனை விழுகிறதோ, அதன் வர்க்கமூலம் அளவுக்கு ஏறி இறங்கும். சராசரி 4 என்றால் 2 ஏறி இறங்கும். அதாவது பாதிக்குப் பாதி பிழை. சராசரி 400 என்றால் 20. அது 5 விழுக்காடுதான். (5,600 கடுகை எண்ணும் பொறுமை எனக்கில்லை, கணக்கை நம்பிவிட்டேன்.) சராசரி 10,000 என்றால் 100, நூற்றில் ஒரு பங்கு, கண்ணுக்கே தெரியாது. வெயிலில் எடுத்த படத்திலும் இரைச்சல் இருக்கிறது, இன்னும் சொன்னால் எண்ணிக்கையில் அதிகமாகவே இருக்கிறது. ஒளி அதைவிட வேகமாகப் பெருகிவிடுவதால் மூழ்கிப்போகிறது.

புவாசோனின் கணக்கு உலகத்துக்குப் புரிந்தது குதிரைகளால். லாடிஸ்லாஸ் போர்ட்கேவிச் என்பவர் 1898-இல் பிரஷ்ய ராணுவத்தில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் பதிவேடுகளை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பத்துப் படைப்பிரிவு, இருபது ஆண்டு, ஆக 200 பதிவு. மொத்தம் 122 சாவு. ஒருவர்கூட இறக்காத பதிவுகள் 109. புவாசோன் கணக்குப் போட்டால் வருவதும் 109-தான். எந்தக் குதிரை எப்போது உதைக்கும் என்று யாரும் சொல்லமுடியாது; மொத்தத்தில் எப்படிச் சிதறும் என்று துல்லியமாகச் சொல்லலாம். 1918-இல் வால்டர் ஷாட்கி வெற்றிடக் குழாய்களில் ஓடும் மின்சாரத்துக்கும் இதே குணம் இருப்பதைக் காட்டினார். வேட்டைத் துப்பாக்கியின் ஈயச் சில்லுகளைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லால் அதற்குப் பெயரிட்டார். புகைப்படத்தின் இரைச்சலில் பெரும்பங்கை இன்றும் அந்தப் பெயரால்தான் அழைக்கிறார்கள்.

ஆக, என் படத்து இருட்டில் கிடந்த பொடியில் பெரும்பகுதியைக் கேமரா சேர்க்கவில்லை. வந்த ஒளியே அப்படி வந்தது. கோடி ரூபாய் கேமராவாலும் இதை மாற்றமுடியாது. தூறல் விழுந்த தரையில் ஈரம் திட்டுத்திட்டாகத்தான் இருக்கும். தரையை மாற்றிப் பயனில்லை.

கேமராவுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு, மறைப்பானேன். கிணற்றிலிருக்கும் எலக்ட்ரானை எண்ணும்போது அதன் மின்சுற்று ஒன்றிரண்டு கூடக்குறையச் சொல்லும். நல்ல வெளிச்சத்தில் இது பொருட்டில்லை. கிணற்றில் இருப்பதே ஐந்து என்றால் இரண்டு பிசகுவது பெரிய விஷயம். வெப்பமும் தன் பங்குக்கு ஃபோட்டான் இல்லாமலே எலக்ட்ரானை உதிர்க்கும். ஆறேழு டிகிரி கூடினால் இது ஏறக்குறைய இரட்டிக்கும்.

பொடி ஏன் வண்ணவண்ணமாக இருக்கிறது? பிக்சலுக்கு நிறம் தெரியாது. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற முறைப்படி, ஒவ்வொரு பிக்சல் மேலும் சிவப்போ பச்சையோ நீலமோ ஒரு வண்ணக் கண்ணாடியைப் போர்த்தியிருக்கிறார்கள். மற்ற இரண்டு நிறத்தையும் அக்கம்பக்கத்துப் பிக்சலைக் கேட்டு ஊகிக்கவேண்டும். ஒரு சிவப்புக் குழியில் தற்செயலாக ஏழு கடுகு விழுந்தால் அந்த இடமே சிவப்பு என்று கேமரா முடிவு கட்டிவிடுகிறது. அதிலும் நீலம்தான் மோசம். குண்டு பல்பின் மஞ்சள் ஒளியில் நீலம் மிகக் குறைவு. முகம் மஞ்சளாக விழக்கூடாது என்று கேமரா நீலத்தை மட்டும் தனியாகப் பெருக்குகிறது. அதோடு அதன் இரைச்சலும் பெருகுகிறது. கூத்துப் படம் ஏதாவது உங்களிடம் இருந்தால் நீலத்தை மட்டும் பிரித்துப் பாருங்கள். உமி கொட்டினாற்போல் இருக்கும்.

இந்த இடத்தில் ஐஎஸ்ஓ பற்றிய ஒரு பழியைத் துடைத்துவிட வேண்டும். ஐஎஸ்ஓவைக் கூட்டினால் இரைச்சல் வரும் என்று படம் எடுக்கக் கற்றுக்கொடுக்கும் எல்லோரும் சொல்கிறார்கள். நானும் பல வருடம் அதை நம்பி, 800-ஐத் தாண்டாமல் விரதம் இருந்தேன். ஐஎஸ்ஓ என்பது ஒலிபெருக்கியின் வால்யூம் திருகு மாதிரி. பாடுகிறவர் முணுமுணுத்தால் திருகைக் கூட்டுவோம், உஸ் என்ற சத்தமும் கூடக் கேட்கும். குற்றம் திருகின்மேல் இல்லை. ஐஎஸ்ஓ 100-இல் சரியாக விழும் படத்தை 3200-இல் எடுக்கிறோம் என்றால், 32-இல் ஒரு பங்கு ஒளியை வைத்து எடுக்கிறோம் என்று பொருள். இரைச்சல் அந்தப் பஞ்சத்தால் வருகிறது. பயந்துகொண்டு 800-இல் இருட்டாக எடுத்து, பிறகு கணினியில் வெளிச்சத்தை ஏற்றினால் பல கேமராக்களில் இன்னும் மோசமாகும்: பெருக்கிக்குப் பிறகு மின்சுற்று சேர்க்கும் பிசகும் சேர்ந்து பெரிதாகிவிடும். தேவையென்றால் 6400-க்குப் போங்கள். ஜேபெக்கை விட்டுவிட்டு, சென்சார் எண்ணியதை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாகச் சேமியுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

உண்மையான மருந்து ஒன்றுதான்: குழியில் இன்னும் கொஞ்சம் கடுகு. அதற்கு மூன்று வழி. அகலமான வாய், நீண்ட நேரம், பெரிய பலகை.

வாய் என்பது லென்ஸ். அன்று என் கையில் இருந்தது கேமராவோடு சேர்த்துக் கொடுக்கும் சாதாரண ஜூம். இழுத்துப் பிடித்தால் அதன் அப்பர்ச்சர், அதாவது வாயின் அகலம், எஃப் 5.6; இந்த எண் குறையக் குறைய வாய் அகலும். கடையில் மலிவாகக் கிடைக்கும் 50 மி.மீ. லென்ஸின் அப்பர்ச்சர் எஃப் 1.8. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கமாகக் கணக்குப் போடவேண்டும். 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் கிட்டத்தட்ட 9.7. அதே விளக்கு, அதே துரியோதனன், ஏறக்குறைய பத்து மடங்கு ஃபோட்டான்; படம் மூன்று மடங்கு சுத்தம். புது கேமராவுக்குச் செலவழிக்கும் பணத்தில் இதைவிடப் பெரிய லாபம் எனக்குத் தெரிந்து கிடையாது.

இந்த வழியில் கடைசிவரை போனவர் திரைப்பட இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக். 1975-இல் வந்த 'பாரி லிண்டன்' படத்தின் இரவுக் காட்சிகளை மெழுகுவத்தி வெளிச்சத்தில் எடுக்க ஆசைப்பட்டார். நிலவுப் பயணங்களுக்காக நாசா கேட்டு ஸைஸ் நிறுவனம் செய்த 50 மி.மீ. லென்ஸ்கள் மொத்தம் பத்து. அப்பர்ச்சர் எஃப் 0.7. அதில் மூன்றை வாங்கிப் படக் கேமராவில் பொருத்தவைத்தார். நமது எஃப் 1.8-ஐவிட அது ஆறரை மடங்கு ஒளி வாங்கும். அதற்குக் கொடுத்த விலை, ஆழம். மூக்கு தெளிவாக இருந்தால் காது மங்கிவிடும். நடிகர்கள் அசையாமல் உட்காரவேண்டியிருந்தது. ஒருவர் பக்கவாட்டில் வைத்த சிறு வீடியோ கேமராவில் தூரத்தைப் பார்த்துப் பார்த்து ஃபோகஸைத் திருப்பினார். படத்தின் ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்காட்டுக்கு ஆஸ்கர் கிடைத்தது. அந்தக் காட்சிகளில் எல்லோரும் சித்திரம்போல் நிதானமாக அசைவதற்குப் பாதிக் காரணம் கலை, பாதிக் காரணம் இயற்பியல்.

அடுத்தது நேரம். அசையாத பொருளுக்கு நேரம் இலவசம். தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிய இருண்ட உள்சுற்றில் இருக்கும் சோழர் ஓவியங்களை 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். ஆயிரம் ஆண்டாக அசையாத அந்த நடனப் பெண்கள் இன்னும் பத்து விநாடி அசையாமல் இருப்பார்கள். முக்காலி, நீண்ட நேரம் திறந்த ஷட்டர், குறைந்த ஐஎஸ்ஓ; வேலை முடிந்தது. ஒன்று கவனித்திருக்கலாம்: 30 விநாடிப் படம் எடுத்தால் சில கேமராக்கள் இன்னொரு 30 விநாடி செத்ததுபோல் இருக்கும். கெட்டுவிட்டது என்று பேட்டரியைக் கழற்றியவர்களை எனக்குத் தெரியும். ஷட்டரை மூடிக்கொண்டு அதே நேரத்துக்கு வெறும் இருட்டை ஒரு படம் எடுக்கிறது அது. அதில் விழும் புள்ளிகள் வெப்பத்தால் வந்தவை, ஒளியால் வந்தவையாக இருக்கமுடியாது. அவற்றை முதல் படத்திலிருந்து கழித்துவிடுகிறது.

துரியோதனன் பத்து விநாடி நிற்கமாட்டான். சுழன்று ஆடும்போது 1/500 விநாடி வைத்தால்தான் கை தெளிவாக விழும். ஆனால் பாட்டு முடிந்து வசனத்துக்கு நிற்கும் ஒரு கணம் இருக்கிறதே, மார்பை நிமிர்த்தி, மீசையில் கை வைத்து, பின்பாட்டுக்காரர் இழுக்கும் கடைசி அடி முடியும்வரை அப்படியே நிற்பான். அங்கே 1/60 போதும். எட்டு மடங்கு ஒளி. கூத்தைக் கவனித்துக் கேட்டால் அந்தக் கணம் எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். இரைச்சலைக் குறைக்க எந்த நிறுவனமும் விற்கமுடியாத கருவி இது. நானே மூன்றாவது இரவில்தான் கற்றேன். (விளக்கு மலிவான எல்இடி என்றால் 1/50, 1/100 ஆகியவற்றை விட்டு நகராதீர்கள். நம்மூர் மின்சாரத்தில் அது விநாடிக்கு நூறு முறை துடிக்கும். படத்தில் பட்டைபட்டையாக இருட்டு விழும்.)

மூன்றாவது, பலகையின் அளவு. பெரிய கேமராவின் முழுச் சட்டச் சென்சார் 36-க்கு 24 மி.மீ., பரப்பு 864 சதுர மி.மீ. சில ஆண்டுகளுக்கு முந்தைய நல்ல கைபேசி ஒன்றின் சென்சார் ஏறக்குறைய 24 சதுர மி.மீ. ஒரே அப்பர்ச்சர், ஒரே நேரம் என்றால் 36-இல் ஒரு பங்கு கடுகுதான் கைபேசிக்கு. பிறகெப்படிக் கைபேசியில் இரவுப் படம் நன்றாக விழுகிறது?

ஒரு பங்கை 36 முறை வாங்கினால் முழுப் பங்கு. அவ்வளவுதான் ரகசியம். கூகுளின் பிக்சல் கைபேசிகளில் 2018 நவம்பரில் வந்த 'நைட் சைட்' கையில் பிடித்தபடியே அதிகபட்சம் 15 படங்களை அடுத்தடுத்து எடுத்து, கை நடுங்கி விலகியதை நேராக்கி, ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டியது. பதினாறு படத்தைக் கூட்டிச் சராசரி எடுத்தால் இரைச்சல் நான்கில் ஒன்றாகும். மறுபடியும் அதே வர்க்கமூலம். பல்லாங்குழியில் பதினாறு முறை தூவிக் கூட்டிப்பாருங்கள், குழிகள் ஒன்றுக்கொன்று நெருங்கி வருவது தெரியும்.

அந்த இரவு என் பக்கத்தில் இருந்தவரின் கைபேசிப் படத்தைப் பிறகு வாங்கிப் பார்த்தேன். பந்தல் துணியும் ஆர்மோனியமும் துடைத்துவைத்ததுபோல் இருந்தன. துரியோதனனின் வலக்கை மட்டும் புழுதி. கை அசைந்ததால் ஒரு படத்தின் கை இன்னொரு படத்தின் கையோடு பொருந்தவில்லை. பொருந்தாததைக் கூட்டாமல் விட்டுவிடும்படிதான் எழுதியிருக்கிறார்கள். நாணயமான வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

எடுத்து முடித்த படத்தைக் கழுவுவது இன்னொரு கலை. பக்கத்துப் பிக்சல்களோடு சராசரி எடுப்பது பழைய முறை; இரைச்சல் போகும், கூடவே புருவமும் போகும். 2005-இல் அந்தோனி புவாதேஸ், பார்த்தொமேவ் கோல், ஜான் மிஷேல் மொரேல் மூவரும் ஒரு நல்ல யோசனை சொன்னார்கள். பக்கத்தில் இருப்பதைக் கேட்காதே, ஒத்திருப்பதைக் கேள். சேலைக் கரையில் ஒரே அன்னம் நாற்பது முறை வந்திருக்கும். நாற்பது அன்னத்தையும் தேடிப்பிடித்துச் சராசரி எடுத்தால் இரைச்சல் போய்விடும், அன்னம் நிற்கும். ஒரே படத்துக்குள்ளேயே பல படம் இருக்கிறது என்ற அந்தப் பார்வை எனக்கு இன்றும் வியப்புத்தான்.

2018-இல் இன்டெல் ஆய்வாளர்களும் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவரும் வேறு பாதையில் போனார்கள். ஒரே காட்சியை ஒருமுறை இமைப்பொழுதிலும் ஒருமுறை நெடுநேரம் திறந்தும் எடுத்து, முதலாவதிலிருந்து இரண்டாவதை வரவழைக்க ஒரு நரம்பு வலைப்பின்னலைப் பழக்கினார்கள். இன்று ஏஐ என்ற பெயரோடு வரும் மென்பொருள்கள் பலவும் இப்படிச் சுத்தமான படங்களைப் பார்த்துப் பழகியவைதான். என் படத்தை அப்படி ஒன்றில் கொடுத்தேன். பளிங்குபோல் வந்தது. பக்கத்தில் பழையதை வைத்துப் பார்த்தேன். நாலு மணி நேரம் ஆடியதில் வியர்வை இறங்கி, துரியோதனனின் இடது கன்னத்து அரிதாரத்தில் காதோரத்திலிருந்து தாடைவரை மெல்லிய வெடிப்பு ஓடியிருந்தது. கழுவிய படத்தில் அது இல்லை. இரைச்சலுக்கும் வெடிப்புக்கும் மென்பொருளால் வித்தியாசம் சொல்லமுடியவில்லை. சொல்வதற்குப் போதுமான ஃபோட்டானும் அங்கே வந்திருக்கவில்லை. நான் அதன் அளவைப் பாதிக்குக் குறைத்து, கொஞ்சம் சொரசொரப்பை மிச்சம் வைத்தேன். இப்போதும் அப்படித்தான் செய்கிறேன். உங்களுக்கும் அதையே சொல்வேன்.

நம் கண் மட்டும் எப்படித் தப்பித்தது என்று கேட்கலாம். தப்பிக்கவில்லை. 1942-இல் ஹெக்ட், ஷ்லேர், பிரென் மூவரும் நடத்திய சோதனையில், இருட்டுக்குப் பழகிய கண் ஐந்திலிருந்து பதினான்கு ஃபோட்டான்களை விழித்திரை உறிஞ்சினாலே ஒளியை உணர்ந்துவிடுகிறது என்று தெரிந்தது. அவ்வளவு கூர்மையான கண்ணும் இருட்டில் பல உணர்செல்களின் கணக்கைக் கூட்டி, சற்று நேரம் சேர்த்துவைத்துத்தான் பார்க்கிறது. அதனால்தான் கூத்துக் களத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்களின் முகம் விளிம்பு கரைந்து தெரிகிறது. கைபேசி செய்வதைக் கண் நெடுங்காலமாகச் செய்துவருகிறது.

கடைசியாக, பெரிதாக்கிப் பார்த்து வயிறு கலங்குவது பற்றி. என் கேமரா 24 மெகாபிக்சல். ஆறுக்கு நான்கு அங்குலத்தில் நல்ல தரத்தில் அச்சிட 1800-க்கு 1200, அதாவது 22 லட்சம் பிக்சலுக்கும் குறைவாகப் போதும். பதினொரு பிக்சல் சேர்ந்து ஒன்றாகிறது. இரைச்சல் மூன்றில் ஒன்றுக்கும் கீழே போய்விடுகிறது. திரையில் நூறு விழுக்காட்டில் பார்த்துக் கவலைப்பட்ட பொடி காகிதத்தில் காணவே காணோம்.

அப்படி அச்சிட்ட ஒன்றை அடுத்த ஆண்டு துரியோதனன் ஆடியவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒப்பனைக்கு முன்னால், பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விளக்குக்கு நேராகப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "கிரீடத்துல வலப்பக்கம் ஒரு சில்லு இல்ல பாருங்க. அன்னிக்கே விழுந்திருக்கு, நான் இந்த வருசம்தான் பார்த்தேன்" என்றார்.

நீங்களும் ஒருமுறை போய்வாருங்கள். களத்துக்குள் நுழையும்போதே ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். விளக்கு கட்டிய மூங்கிலுக்கு முதுகு காட்டி உட்காருங்கள், முகங்களில் ஒளி நேராக விழும். எத்தனை மணிக்கு என்று நோட்டீசில் போட்டிருந்தாலும் கூத்து தொடங்கப் பத்து மணி ஆகும்.